கரை கண்டபோது உடைந்த கப்பல்கள்

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கே விக்டோரியா மாநிலத்தில், ஓட்வே முனையிலிருந்து போர்ட் ஃபேரி வரை ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நீளும் கடற்கரைக்குக் 'கப்பல்கள் உடைந்த கரை' என்றே பெயர். விக்டோரியாவின் கடலோரம் முழுவதிலும் 600க்கு மேற்பட்ட கப்பல்கள் மூழ்கியதாகப் பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் பாதியளவுகூட இன்னும் கடலடியில் கண்டுபிடிக்கப்படவில்லை. துயரம் மிகுந்த கதைகள் பல இந்த 130 கிலோமீட்டரிலும், அதற்கு எதிரே தெற்கில் கிடக்கும் கிங் தீவிலும் நிகழ்ந்தவை. பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டுக் கதைகள்.

புயலில் அகப்பட்டுத்தான் இத்தனை கப்பல்களும் அழிந்திருக்கும் என்றே எவரும் நினைப்பார்கள். உண்மை வேறு. இங்கே உடைந்த புகழ்பெற்ற கப்பல்களில் பல, மூடுபனியிலும் சாதாரணக் காற்றிலும் உடைந்தவை. மூன்று நான்கு மாதம் பெருங்கடலில் தாக்குப்பிடித்து வந்து, சேரவேண்டிய மெல்பர்ன் துறைமுகம் ஒரு நாள் ஓட்டத்தில் இருக்கும்போது, தாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரியாமல் பாறையில் மோதியவை.

இங்கிலாந்திலிருந்து வரும் கப்பல் ஓட்வே முனைக்கு ஏன் வர வேண்டியிருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். டாஸ்மேனியா ஒரு தனித்தீவு, அதற்கும் பெருநிலத்துக்கும் இடையே ஒரு நீரிணை இருக்கிறது என்பது ஐரோப்பியருக்கு உறுதியானது 1798-99இல்தான். ஜார்ஜ் பாஸ், மேத்யூ ஃபிலிண்டர்ஸ் இருவரும் ஒரு சிறு கப்பலில் டாஸ்மேனியாவைச் சுற்றிவந்து அதை நிறுவினார்கள். அதுவரை டாஸ்மேனியாவின் தென்கோடியைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த கப்பல்களுக்கு பாஸ் நீரிணை ஆயிரம் கிலோமீட்டரை மிச்சப்படுத்தும் குறுக்குவழியாயிற்று. 1851இல் விக்டோரியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. அந்த ஆண்டில் 77,000 ஆக இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டில் 5,40,000 ஆனது. இந்தப் பெருங்கூட்டத்தில் பெரும்பகுதி கடல்வழியாக வந்து இறங்கியது.

வேகமாக வரவேண்டும் என்ற அவசரத்தில் புதியதொரு பாதையும் புழக்கத்துக்கு வந்தது. ஓர் உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்தால், அது தட்டையான வரைபடத்தில் தெற்கே வளைந்த கோடாகத் தெரியும். அந்த வளைவே மிகக் குறுகிய வழி. கப்பல்கள் அட்லாண்டிக்கில் இறங்கி, நன்னம்பிக்கை முனையைத் தொடாமலே வெகு தெற்கே போய், நாற்பது பாகைக்கும் கீழே ஓயாமல் வீசும் மேலைக்காற்றைப் பாயில் ஏந்திக் கிழக்கே பறந்தன. அந்தக் காற்றுக்கு மாலுமிகள் 'முழங்கும் நாற்பதுகள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். காற்றைத் தடுக்க அந்த அகலாங்கில் நிலம் என்பதே அரிது. இந்த வழியில் வந்தால் நான்கு மாதப் பயணத்தை எண்பது நாளுக்கு அருகில் கொண்டுவர முடிந்தது. மார்கோ போலோ என்ற கப்பல் 1852இல் லிவர்பூலிலிருந்து மெல்பர்ன் போய் ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட்டது.

ஆனால் இந்தப் பாதையில் வருபவர்களுக்கு வாரக்கணக்கில் நிலமே தென்படாது. கடைசியில் தென்படவேண்டிய முதல் நிலம் ஓட்வே முனை. அதற்கும் கிங் தீவின் வடமுனைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி 90 கிலோமீட்டருக்கும் குறைவு. பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வரும் பாய்க்கப்பல் அந்த இடைவெளிக்குள் சரியாக நுழைந்தாக வேண்டும். வடக்கே தவறினால் விக்டோரியாவின் செங்குத்துப் பாறைகள்; தெற்கே தவறினால் கிங் தீவின் பார்கள். (கடலுக்குள் மறைந்து கிடக்கும் பாறைத்திட்டைத் தமிழ் மீனவர் 'பார்' என்பார்கள், இந்தக் கரைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.) இந்த நுழைவை 'ஊசிக் காதில் நூல் கோப்பது' என்று மாலுமிகள் சொல்லிவந்தார்கள்.

நூல் கோக்கக் கண் தெரிய வேண்டும். அன்றைய கப்பலுக்குக் கண், வானம்தான். நண்பகலில் சூரியனின் உயரத்தை அளந்தால் வடக்கு-தெற்கில் எங்கே இருக்கிறோம் என்பது தெரியும். கிழக்கு-மேற்கில் எங்கே என்பதற்குக் கடற்கடிகாரம் வேண்டும். கிரீன்விச் நேரத்தைப் பிசகாமல் காட்டும் கடிகாரத்தையும், சூரியனைக் கொண்டு கண்ட உள்ளூர் நேரத்தையும் ஒப்பிட்டு நெட்டாங்கைக் கணக்கிடுவார்கள். கடிகாரம் ஒரே ஒரு நிமிடம் பிசகினால், ஓட்வே முனையின் அகலாங்கில் கப்பலின் இடம் 20 கிலோமீட்டருக்கு மேல் பிசகிவிடும். மூன்று மாதம் குலுங்கிவந்த கடிகாரத்தில் ஒரு நிமிடப் பிசகு வியப்பில்லை. வானம் நாலைந்து நாள் மூடிக்கொண்டாலோ கடிகாரமும் பயன்படாது. கப்பலின் வேகம், திசைகாட்டி காட்டும் திக்கு, கழிந்த நேரம் ஆகியவற்றைப் பெருக்கிக் கூட்டி 'இங்கே இருக்கலாம்' என்று வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பதுதான் வழி. நீரோட்டம் கப்பலை எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளியது என்பது அந்தக் கணக்கில் வராது. இரும்புக் கப்பல்கள் வந்தபிறகு இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. உடலிலிருந்த இரும்பே திசைகாட்டி முள்ளை இழுத்தது.

கரையின் அமைப்பும் இரக்கமற்றது. போர்ட் கேம்பல் பகுதியில் கடலோரம் முழுதும் சுண்ணாம்புக்கல். ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் படிந்து உருவான இந்தக் கல்லை அலை அரித்து, 70 மீட்டர் வரை உயரமான செங்குத்துச் சுவர்களாகவும், தனித்து நிற்கும் தூண்களாகவும், சுவர்களுக்கு அப்பால் நீருக்கடியில் நீளும் பார்களாகவும் செதுக்கியிருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் 'பன்னிரு அப்போஸ்தலர்' தூண்கள் இந்த அரிப்பின் விளைவே. அவற்றில் ஒன்று 2005இல் நொறுங்கி விழுந்தது. இறங்கிக் கரையேற மணல் இருக்கும் இடங்கள் மிகக் குறைவு. அங்கும் பின்னால் சுவர்தான்.

தென்மேற்கிலிருந்து வரும் காற்றும் அலையும் எல்லாவற்றையும் இந்தக் கரையை நோக்கித் தள்ளுகின்றன. பாய்க்கப்பலால் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. சதுரப்பாய் கட்டிய பெரிய கப்பல் காற்றுத் திசையிலிருந்து 60, 70 பாகையாவது விலகித்தான் ஓடும். கரை பின்னால் இருக்க, காற்று முகத்தில் அடிக்கும்போது, திரும்பித் தப்பிக்கக் கடலில் நிறைய இடம் வேண்டும். இடம் இல்லை என்றால் மிஞ்சுவது நங்கூரம் ஒன்றே. தென் பெருங்கடலில் புறப்பட்டுத் தடையின்றி வரும் பேரலைகள், சராசரி ஆழம் 60 மீட்டரே உள்ள நீரிணைக்குள் நுழையும்போது உயர்ந்து நெருங்குகின்றன. அந்த இழுப்பில் நங்கூரம் நிற்பது அரிது.

இவையெல்லாம் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 'கேட்டரக்வி' காட்டியது. 1845 ஏப்ரல் 20 அன்று லிவர்பூலிலிருந்து புறப்பட்ட அந்தக் கப்பலில் 400க்கு மேற்பட்டோர் இருந்தார்கள். பெரும்பாலோர் புதுநாட்டில் பிழைப்புத் தேடிக் குழந்தைகுட்டிகளுடன் கிளம்பிய ஏழைக் குடும்பத்தார். ஆகஸ்ட் தொடக்கத்தில் நீரிணையை நெருங்கியபோது பல நாள் மோசமான வானிலை. சூரியனைப் பார்த்து இடம் கணிக்க வழியில்லை. கப்பல் தலைவர் இரவில் கப்பலை நிறுத்திவைத்தார். பிறகு, கரை இன்னும் தூரத்தில் இருப்பதாகக் கணக்கிட்டு, இருட்டிலேயே பாயை விரிக்கச் சொன்னார். ஆகஸ்ட் 4, விடியுமுன் கப்பல் கிங் தீவின் தென்மேற்குப் பாரில் ஏறியது.

கீழ்த்தளத்தில் உறங்கிக்கொண்டிருந்த பலர் படியேறி வருவதற்குள் நீர் நிரம்பிவிட்டது. மேலே வந்தவர்கள் கயிறுகளைப் பற்றிக்கொண்டு பகல் முழுதும் கிடந்தார்கள். கரை கண்ணுக்கெட்டும் தூரம்தான். அலை ஒவ்வொருவராகப் பறித்துக்கொண்டு போனது. மறுநாள் கப்பல் முற்றிலும் நொறுங்கியபோது உயிருடன் கரையேறியவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் மாலுமிகள். பயணிகளில் பிழைத்தவர் ஒரே ஒருவர். தீவில் தங்கியிருந்த டேவிட் ஹோவி என்ற கடல்நாய் வேட்டைக்காரர் அவர்களைக் கண்டு உணவளித்தார். கரையில் ஒதுங்கிய நூற்றுக்கணக்கான உடல்களைப் புதைத்ததும் அவரும் அவரைச் சேர்ந்தவர்களுமே. ஐந்து வாரம் கழித்துத்தான் மெல்பர்னுக்குச் செய்தி போனது. அமைதிக்காலத்தில் ஆஸ்திரேலியக் கடலில் நடந்த மிகப் பெரிய உயிரிழப்பு இன்றும் இதுவே.

கலங்கரை விளக்கம் வேண்டும் என்ற பேச்சு நெடுநாளாக இருந்தும், கட்டும் வேலைக்கு வேகம் கொடுத்தது இந்தச் சாவுகள்தான். மெல்பர்ன் நிர்வாகியாக இருந்த சார்லஸ் லா ட்ரோப் தாமே காட்டுவழியாகப் புறப்பட்டு, இரண்டு முறை தோற்று, 1846இல் மூன்றாம் முறை ஓட்வே முனையை அடைந்தார். 1848 ஆகஸ்டில் அங்கே விளக்கு ஏற்றப்பட்டது. 1994 வரை அணையாமல் எரிந்த அந்தக் கோபுரம், ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் எஞ்சியுள்ள கலங்கரை விளக்கங்களில் மிகப் பழையது. கிங் தீவின் வடமுனையில் விக்கம் விளக்கம் 1861இல்தான் வந்தது. 48 மீட்டர் உயரமான அது நாட்டிலேயே மிக உயர்ந்த கலங்கரை விளக்கம். ஊசிக் காதின் இரு விளிம்பிலும் இப்போது ஒளி வந்துவிட்டது. ஆனால் எந்த ஒளி எது என்று தெரியாதவருக்கு விளக்கும் பொறியாகலாம். தெற்கே விலகி வந்த சில கப்பல்கள் விக்கம் ஒளியை ஓட்வே ஒளி என்று எண்ணி, அதற்கேற்பத் திரும்பிக் கிங் தீவிலேயே மோதின. 1874இல் 'பிரிட்டிஷ் அட்மிரல்' கிங் தீவில் உடைந்தபோது 79 பேர் இறந்தார்கள். அப்போதும் பிழைத்தவர் ஒன்பது பேர்.

எல்லா விபத்திலும் உயிர் போகவில்லை. 1855இல் தன் முதல் பயணத்திலேயே அழிந்த 'ஷோம்பெர்க்' ஸ்காட்லாந்தில் பெருஞ்செலவில் கட்டப்பட்ட மரக்கப்பல். அதன் தலைவர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ், மார்கோ போலோவை ஓட்டிப் பேர் வாங்கியவர்; அறுபது நாளில் மெல்பர்ன் சேர்வேன் என்று சவால் விட்டிருந்தார். அறுபதும் கடந்து, எழுபதும் கடந்து, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இரவு இன்றைய பீட்டர்பரோ ஊருக்கருகே கப்பல் மணல்திட்டில் ஏறி நின்றது. அவ்வழியே வந்த நீராவிக் கப்பல் ஒன்று எல்லாரையும் காப்பாற்றியது. ஃபோர்ப்ஸ் அப்போது சீட்டாடிக்கொண்டிருந்தார் என்று பயணிகள் குற்றம்சாட்டினார்கள். நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால் பழைய பேர் திரும்பவே இல்லை.

இந்தக் கரையின் பெயரைச் சொன்னதும் ஆஸ்திரேலியர் நினைவுக்கு வருவது 'லாக் ஆர்ட்'. 1873இல் கிளாஸ்கோவில் கட்டிய இரும்புப் பாய்க்கப்பல். 1878 மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து 54 பேருடன் புறப்பட்டது. தலைவர் ஜார்ஜ் கிப்புக்கு வயது 29, புதிதாக மணமானவர். சரக்கில் ரயில் தண்டவாளமும் இருந்தது, பியானோவும் கடிகாரமும் வைக்கோல் தொப்பியும் இருந்தன. மெல்பர்னில் 1880இல் நடக்கவிருந்த பன்னாட்டுக் கண்காட்சிக்காக அனுப்பிய பொருள்களும் இருந்தன. மே 31 இரவு பயணிகள் பயணம் முடியப்போவதைக் கொண்டாடி விருந்து வைத்தார்கள். மறுநாள் கரையில் இறங்கிவிடலாம் என்ற நினைப்பு.

கிப் மட்டும் தூங்கவில்லை. மூடுபனி வானத்தையும் கரையையும் சேர்த்து மறைத்திருந்தது. ஓட்வே ஒளி எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். ஜூன் 1 அதிகாலை நான்கு மணியளவில் பனி விலகியபோது, முன்னே தெரிந்தது ஒளியல்ல. வெளிறிய பாறைச்சுவரும் அதன் அடியில் உடையும் அலையும். கப்பலைத் திருப்ப இடம் போதவில்லை. நங்கூரங்களைப் போட்டார்கள், அவை தரையில் இழுபட்டன. சங்கிலியை விட்டுவிட்டுப் பாயில் தப்பிக்க முயன்றபோது மட்டன்பேர்ட் தீவின் பார் கப்பலின் அடியைக் கிழித்தது. பாய்மரங்கள் பாறைச்சுவரில் உரசி முறிந்து விழுந்தன. கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பயிற்சி மாலுமி டாம் பியர்ஸ் கவிழ்ந்த படகு ஒன்றின் அடியில் சிக்கி, நீர் வற்றும்போது கடலுக்குள் இழுபட்டு, நீர் ஏறும்போது பாறைகளுக்கு நடுவிலிருந்த ஒரு குறுகிய வாயிலுக்குத் திரும்பத் தள்ளப்பட்டு, நீந்திச் சிறு மணற்கரையில் ஏறினார். பதினெட்டு வயதை ஒட்டிய இளைஞர். சிறிது நேரத்தில் கடலில் ஒரு பெண்ணின் கூக்குரல் கேட்டது. குடும்பத்தோடு அயர்லாந்திலிருந்து வந்த ஈவா கார்மைக்கேல், அவரை ஒத்த வயதினர்; நீந்தத் தெரியாதவர். முதலில் ஒரு கோழிக்கூண்டையும் பிறகு உடைந்த மரத்தையும் பிடித்துக்கொண்டு நான்கைந்து மணி நேரம் குளிர்கடலில் மிதந்திருந்தார். பியர்ஸ் திரும்ப நீருக்குள் இறங்கி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் போராடி அவரைக் கரை சேர்த்தார். ஒரு குகையில் கிடத்தி, ஒதுங்கிய பெட்டியை உடைத்துக் கிடைத்த பிராந்தியைக் கொடுத்துச் சூடேற்றினார். பிறகு அந்தச் செங்குத்துச் சுவரில் ஏறிப்போய், அருகிலிருந்த க்ளென்னாம்பிள் பண்ணை ஆட்களைக் கண்டு உதவி கொண்டுவந்தார். மற்ற 52 பேரும் போய்விட்டார்கள். கண்டெடுத்துப் புதைக்க முடிந்தவை நான்கு உடல்களே. ஈவா ஒரே காலையில் தாய், தந்தை, கூட வந்த உடன்பிறந்தோர் அனைவரையும் இழந்தார்.

பத்திரிகைகள் இந்த இருவரையும் விடவில்லை. காப்பாற்றியவர் காப்பாற்றப்பட்டவளை மணக்க வேண்டும் என்று நாடே எதிர்பார்த்தது. குடும்பம் முழுவதையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் பெண்ணிடம் அதை எதிர்பார்த்தது கொடுமைதான். ஈவா சில மாதங்களில் அயர்லாந்துக்குத் திரும்பி அங்கே மணம்புரிந்தார். பியர்ஸுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அவர் கடலைக் கைவிடவில்லை. அடுத்த ஆண்டே அயர்லாந்துக் கரையில் இன்னொரு கப்பல் விபத்தில் அகப்பட்டு மீண்டார். பின்னர் கப்பல் தலைவரானார். 1905இல் 'லாக் வெனக்கர்' கங்காரு தீவில் எவருமே பிழைக்காமல் மூழ்கியபோது அதில் அவருடைய மகனும் இருந்தான்.

கரையிலிருந்து மீட்கும் ஏற்பாடுகள் மெல்ல வந்தன. போர்ட் கேம்பலில் ராக்கெட் குழு ஒன்று இருந்தது. மெல்லிய கயிறு கட்டிய ராக்கெட்டைக் கப்பலின் மேல் செலுத்தி, அதைக் கொண்டு தடித்த கயிற்றை இழுத்துக் கட்டி, தொங்கும் இருக்கையில் ஒவ்வொருவராகக் கரைக்குக் கொண்டுவருவது அவர்கள் வேலை. கருவிகளை வண்டியில் ஏற்றி, பாதையே இல்லாத புதர்க்காட்டு வழியே விபத்து நடந்த இடம்வரை இழுத்துப்போக வேண்டும். 1891 செப்டம்பரில் 'ஃபிஜி' மூன்லைட் ஹெட் அருகே மோதியபோது கருவிகள் வந்துசேரத் தாமதமானது. கயிறு போட்டபின்னும் அவசரத்தில் பலர் ஒருசேர ஏறியதில் மீட்பு குலைந்தது. மாலுமிகள் 11 பேரும், அவர்களைக் காப்பாற்றக் கடலுக்குள் நீந்திப்போன உள்ளூர் இளைஞர் ஒருவரும் இறந்தனர்.

1908 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து வந்த 'ஃபால்ஸ் ஆஃப் ஹல்லடேல்' மூடுபனியில் பீட்டர்பரோவின் பாரில் ஏறியது. 29 மாலுமிகளும் படகில் கரை சேர்ந்தனர். பாய்கள் விரிந்தபடியே கப்பல் வாரக்கணக்கில் நின்றதால், அதைப் பார்க்க மக்கள் திரண்டு வந்தார்கள். எடுத்த படங்களில் அது இன்னும் ஓடிக்கொண்டிருப்பதுபோலவே தோன்றுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் விபத்துகள் அருகின. நீராவிக் கப்பல் காற்றை எதிர்த்துத் திரும்பிக்கொள்ளும். வானொலி வந்தபின் இடத்தையும் நேரத்தையும் சரிபார்க்க முடிந்தது. ஆயினும் இக்கரையில் 50 ஆண்டு ஓடிய 'கசினோ' என்ற சிறு நீராவிக் கப்பல் 1932இல் அப்போலோ பே துறையை அடையும் முயற்சியில் மூழ்கி, தலைவர் உட்பட பத்துப் பேரைக் கொண்டுபோனது. 1940 நவம்பரில் ஓட்வே முனைக்கு அப்பால் 'சிட்டி ஆஃப் ரேவில்' என்ற அமெரிக்கக் கப்பல், ஜெர்மானியர் கடலில் இட்ட கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. அமெரிக்கா போரில் இறங்குவதற்கு ஓராண்டுக்கு முன்பே நடந்தது இது. இரண்டாம் உலகப்போரில் மூழ்கிய முதல் அமெரிக்கக் கப்பல் அதுவே.

மூழ்கியவற்றை மனிதர்கள் சும்மா விடவில்லை. லாக் ஆர்ட்டின் உடலை முக்குளிப்போர் 1967இல் கண்டதும், கிடைத்ததை அள்ளிக்கொண்டு போகும் வேட்டை தொடங்கியது. கடலடியில் நூறாண்டு கிடந்த பொருள் எந்த இடத்தில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதே வரலாற்றுக்குத் தேவையான செய்தி. அள்ளியதும் அது என்றைக்குமாக அழிந்துவிடுகிறது. 1976இல் ஆஸ்திரேலியா பழைய கப்பல்களைக் காக்கச் சட்டம் இயற்றியது. 2018இல் வந்த புதிய சட்டப்படி 75 ஆண்டு கடந்த எந்தக் கப்பல் சிதைவும் தானாகவே பாதுகாப்புக்குள் வந்துவிடும்.

வார்னம்பூலில் உள்ள ஃபிளாக்ஸ்டாஃப் ஹில் கடல்சார் அருங்காட்சியகத்தில் ஷோம்பெர்க்கிலிருந்து எடுத்த வைர மோதிரம் இருக்கிறது. அருங்காட்சியகத்தின் தலைமைப் பொருள் ஒரு மயில். இங்கிலாந்தின் மிண்டன் ஆலை கண்காட்சிக்காகச் செய்து லாக் ஆர்ட்டில் அனுப்பியது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரமான, பல வண்ணம் பூசிய பீங்கான் மயில். இரும்புக் கப்பல் துண்டுதுண்டான அதே பாறைகளுக்கு இடையே, பெட்டியோடு மிதந்துவந்து ஒதுங்கியது. அலகில் மட்டும் சிறு சேதம்.

ஊர்ப் பெயர்களிலும் கப்பல்கள் வாழ்கின்றன: லாக் ஆர்ட் பள்ளத்தாக்கு, ஹல்லடேல் முனை, நியூஃபீல்டு விரிகுடா. அந்தப் பள்ளத்தாக்கின் முன்னே கடலில் நின்ற ஒரு பாறை வளைவு 2009இல் இடிந்தது; எஞ்சிய இரண்டு தூண்களுக்கு டாம், ஈவா என்று பெயரிட்டார்கள். மூன்லைட் ஹெட் அருகே 350க்கு மேற்பட்ட படிகள் இறங்கினால் 'ரெக்' கடற்கரை வரும். நீர் வற்றும் நேரத்தில் அங்கே இரண்டு நங்கூரங்களைக் காணலாம். ஒன்று ஃபிஜியுடையது. மற்றது, சீனாவிலிருந்து தேயிலை ஏற்றிவந்து 1869இல் உடைந்த 'மரீ கேப்ரியேல்' என்ற பிரெஞ்சுக் கப்பலுடையது. நீர் ஏறினால் இரண்டையும் அலை மூடிக்கொள்ளும்.